வாசகர் கேள்வி – பதில்: மோவாப் பள்ளத்தாக்குகளில் ஒரு நாள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைநிலப் பள்ளத்தாக்குகளில் ஜீப் ஓட்டிச் செல்வது குறித்து இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. சில, அங்கிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எழுதியவை. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் நால்வர், ஒருவருக்கும் மலைப்பாதையில் ஜீப் ஓட்டிய அனுபவம் இல்லை. கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள ஒயிட் ரிம் சாலை நூறு மைல்தான் என்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதிய உணவுக்கு ஊர் திரும்பிவிடலாம் அல்லவா? (வாசகர், டாலஸ்)

பதில்: நூறு மைலை நெடுஞ்சாலைக் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒன்றுதான் உங்கள் திட்டத்தில் உள்ள பிழை, ஆனால் ஒரு நாளைக் கெடுக்க அந்த ஒன்றே போதும். ஒயிட் ரிம் சாலையில் சராசரியாக மணிக்குப் பத்து மைல் போனாலே நன்றாக ஓட்டியதாகப் பொருள். பெரும்பாலோர் அதை இரண்டு அல்லது மூன்று நாட்களில், இடையில் கூடாரமடித்துத் தங்கி முடிக்கிறார்கள். ஒரே நாளில் சுற்றி வருவோரும் உண்டு. ஆனால் அவர்கள் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறவர்கள், வழியை ஏற்கெனவே அறிந்தவர்கள். தவிர, அந்தச் சாலையில் பகல் பயணத்துக்கும் முன்அனுமதிச் சீட்டு வேண்டும்; ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பும் உண்டு.

முதல்முறை செல்வோருக்கு நான் சொல்லும் வழி வேறு. மோவாபிலிருந்து கொலராடோ ஆற்றை ஒட்டிச் செல்லும் 279-ஆம் எண் மாநிலச் சாலையில், அதாவது உள்ளூர்க்காரர்கள் பொட்டாஷ் சாலை என்று அழைக்கும் சாலையில் போங்கள். ஏறத்தாழ 15 மைலில் தார் முடிந்து மண்ணும் கல்லுமான பாதை தொடங்கும். சிறிது தூரத்தில், செந்நிற நிலத்தின் நடுவே கண்ணைப் பறிக்கும் நீலத்தில் பெரிய பெரிய குளங்கள் தெரியும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்புப் படிவத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, நிலத்தடியிலிருந்து மேலே இறைத்து உலர வைக்கும் பாத்திகள் அவை. வெயிலை அதிகம் உறிஞ்சி விரைவில் ஆவியாகட்டும் என்று தண்ணீருக்குச் சாயம் சேர்க்கிறார்கள். அந்தக் குளங்களைத் தாண்டி, டெட் ஹார்ஸ் பாயிண்ட் என்னும் மலைமுனையின் அடிவாரமாகவே போனால், ஷேஃபர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வந்து சேரும். அவற்றில் ஏறி மேலே பூங்காவின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ மேட்டுநிலத்தை அடைந்தால் மறுபடி தார்ச்சாலை. மண்சாலைப் பகுதி மொத்தமும் ஏறத்தாழ 20 மைல்தான். அதற்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மிச்சம் விழுந்தால் மேட்டின் தென்கோடியில் உள்ள கிராண்ட் வியூ பாயிண்டுக்குப் போய், நீங்கள் ஓட்டாமல் விட்ட ஒயிட் ரிம் சாலையை மேலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் இதே வழியை மேலிருந்து கீழாகப் போகிறார்கள். படம் எடுக்க அதுதான் அழகு என்பார்கள். புதியவர்கள் கீழிருந்து மேலே ஏறுவதே நல்லது என்பது என் கருத்து. ஏற்றத்தில் பிரேக் சூடாகாது. குறுகிய பாதையில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கே முன்னுரிமை என்பது மலைப்பாதை வழக்கம். எல்லாவற்றையும்விட, கரடுமுரடான பகுதி முதலில் வந்துவிடுவதால், “நம்மால் ஆகாது” என்று தோன்றினால் சமதளத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். பாதி மலைச்சரிவில் அந்த எண்ணம் வந்தால் திருப்ப இடம் இருக்காது. கீழ்ப்புறத்தில் கட்டணச் சாவடி இல்லை என்பதால் நுழைவுச் சீட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அன்றைய சாலை நிலவரத்தையும் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை கடினமான மலையில் இந்தச் சாலைகளை யார், எதற்காகப் போட்டார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: சுற்றுலாவுக்காக ஒன்றும் போடப்படவில்லை. ஷேஃபர் பாதை முதலில் பூர்வகுடி மக்களின் நடைபாதை. பின்னர் ஷேஃபர் குடும்பத்தார் கால்நடைகளைக் குளிர்காலத்தில் கீழேயுள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்ல அதை அகலப்படுத்தினார்கள். 1950-களில் அணுகுண்டுக்கான யுரேனியத்தை அமெரிக்க அரசு வலைவீசித் தேடியது. 1952-இல் மோவாபுக்குத் தெற்கே சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் வளமான கனிமப் படிவத்தைக் கண்டறிந்ததும், சிற்றூராக இருந்த மோவாப் தன்னை ‘உலகின் யுரேனியத் தலைநகர்’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியது. மாட்டுப் பாதை லாரிப் பாதையானதும், ஒயிட் ரிம் சாலை வெட்டப்பட்டதும் அந்தப் பரபரப்பில்தான். ஆனால் இப்போது பூங்காவாக உள்ள அந்தப் பகுதியில் எதிர்பார்த்த அளவுக்கு யுரேனியம் கிடைக்கவில்லை, சாலைதான் மிச்சம். 1964-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1967-இல் மோவாப் வணிகர் சங்கம் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் ஊர்வலம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த வாரத்தில் அமைதியை நாடிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

கேள்வி: எங்களிடம் ஆல் வீல் டிரைவ் உள்ள எஸ்யூவி இருக்கிறது. தனியாக ஜீப் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: மழையில்லாத நாளில், தரையிலிருந்து நல்ல உயரமுள்ள வண்டி ஷேஃபர் பாதையில் பெரும்பாலும் ஏறிவிடும். ஆயினும் ஆல் வீல் டிரைவும் ஃபோர் வீல் டிரைவும் ஒன்றல்ல. வேறுபாடு எத்தனை சக்கரம் சுழல்கிறது என்பதில் இல்லை. ‘லோ ரேஞ்ச்’ என்னும் தாழ்கியர்த் தொகுதி உண்டா என்பதில் இருக்கிறது. சாதாரண ஜீப் ராங்லரில் அது சக்கரத்தின் சுழற்சியை 2.72-இல் ஒரு பங்காகவும், ரூபிகான் வகையில் நான்கில் ஒரு பங்காகவும் குறைத்து, அதே அளவுக்கு இழுவிசையைப் பெருக்குகிறது. அதனால் பாறைமேல் நத்தைபோல் ஏறலாம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இது இல்லாத வண்டியில் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடி வந்தால், அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகலாம். ஒயிட் ரிம்முக்கு இந்தத் தாழ்கியர் கட்டாயம். பூங்காவின் நீட்டில்ஸ் பகுதியில் உள்ள எலிஃபண்ட் ஹில் பாதை, படிப்படியாக உடைந்த பாறைகளும் வண்டி முழுதாகத் திரும்ப இடமில்லாத வளைவுகளும் கொண்டது. அனுபவம் இல்லாதவர் எந்த வண்டியிலும் அங்கே போக வேண்டாம்.

விமான நிலையத்தில் எடுக்கும் வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் இல்லாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும்; மீறினால் காப்பீடு கிடைக்காது. பூங்காவின் உட்புறத்திலிருந்து வண்டியை இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேலும் ஆகலாம். மோவாபிலேயே இதற்கென்று ஜீப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றிலும் எந்தெந்தப் பாதைக்கு அனுமதி என்று கேட்டே எடுங்கள். திறந்த மேனியுள்ள ஏடிவி, யுடிவி போன்ற சிறு வண்டிகளுக்கு கேனியன்லேண்ட்ஸில் இடமில்லை.

கேள்வி: மண்சாலையில் நுழையும்போது டயரில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். காற்றுக் குறைந்தால் டயர் கெட்டுவிடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? (வாசகர், சான் ஹோசே)

பதில்: இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தார்ச்சாலையில் நீங்கள் கேள்விப்பட்டது முற்றிலும் சரி: காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் ஓடும்போது பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறி வெடிக்கும். ஆனால் அந்த ஆபத்துக்கு வேகம் வேண்டும். மணிக்குப் பத்து, பதினைந்து மைலில் செல்லும்போது கதை மாறிவிடுகிறது.

சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை 20-க்குக் கொண்டுவந்தால், தரையைத் தொடும் அதன் தடம் நீளமாகிறது. மணலில் அந்த நீண்ட தடம் எடையைப் பரப்பிவிடுவதால் சக்கரம் புதையாமல் மேலே மிதந்து செல்கிறது. பாறையில் டயர் கல்லைத் தாண்டிக் குதிக்காமல், கல்லின் வடிவத்துக்குத் தன்னை வளைத்துக்கொண்டு பற்றுகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர்களின் முதுகெலும்பும் உங்களை வாழ்த்தும். மோவாபின் வழுவழுப்பான மணற்பாறையை ‘ஸ்லிக்ராக்’, அதாவது வழுக்குப்பாறை என்கிறார்கள். லாடம் அடித்த குதிரைகள் அதில் வழுக்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் டயருக்கு அதே பாறை உப்புத்தாள்போலப் பிடிக்கும் என்பதை முதல்முறை செங்குத்தான சரிவில் ஏறும்போது நம்பவே முடியாது.

எவ்வளவு குறைப்பது? வண்டியின் எடைக்கும் டயரின் வகைக்கும் ஏற்ப மாறும் என்றாலும், கல்லும் சரளையும் கலந்த பாதையில் 20 முதல் 25 வரையும், ஆழமான மணலில் 15 முதல் 18 வரையும் வைத்துக்கொள்ளலாம். 15-க்குக் கீழே போனால், திருப்பங்களில் டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு: காற்றைக் குறைக்கக் குறைக்கப் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், கூர்மையான கல் அதைத்தான் முதலில் கிழிக்கும். நடுப்பகுதியில் ஆணி குத்திய பஞ்சரை வழியிலேயே அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னி ஒன்றே கதி. அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி உங்கள் வண்டியின் உயரத்துக்கு எட்டுமா, மணலில் அது புதையாமல் இருக்க அடியில் வைக்கப் பலகை உண்டா என்பதையெல்லாம் வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள். அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே எடுங்கள். வெப்பம் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தமும் கூடும். திரும்பத் தார்ச்சாலையில் ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும் என்பதால், வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

டயரோடு சேர்ந்தது இன்னொன்று. சாலையில் ஒரு கல் கிடந்தால் அதை இரு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுக் கடப்பது நம் கைப்பழக்கம். இங்கே அது தவறு. ஜீப்பின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்குவது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி. கல் அதில்தான் இடிக்கும். சக்கரத்தையே கல்லின்மேல் ஏற்றினால் வண்டி முழுவதும் உயர்ந்துகொடுக்கும். ஸ்டியரிங்கின் உட்புறம் கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்கவும் வேண்டாம். சக்கரம் பாறையில் மோதி ஸ்டியரிங் சட்டென்று சுழன்றால் விரல் போய்விடும். கடினமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நின்று கையசைத்து வழிகாட்டலாம், ஆனால் ஒருவர் மட்டுமே. நம் குடும்பங்களில் வண்டியில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஓட்டுநர்கள். மற்ற நால்வரையும் அந்த இரண்டு நிமிடம் இயற்கையை ரசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குட்டியையும் கூட்டிச் செல்லலாமா? வண்டியை விட்டு இறக்க மாட்டோம். (வாசகி, டென்வர்)

பதில்: பெரும்பாலும் கூடாது. ஒயிட் ரிம் உள்ளிட்ட கேனியன்லேண்ட்ஸின் மண்சாலைகளில் நாய் வண்டிக்குள்ளேயே இருந்தாலும் அனுமதி இல்லை. மோவாபிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏறும் பொட்டாஷ்–ஷேஃபர் வழி மட்டும் இதற்கு விலக்கு.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68, உயரம் என்றால் பயம். என் மகன் அவரை ஷேஃபர் பாதைக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளம் தெரியாது? (வாசகர், மதுரை)

பதில்: கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பள்ளம் பக்கம் மாறிவிடும், எனவே பள்ளம் தெரியாத இருக்கை என்று ஒன்று இல்லை. அந்தப் பாதையின் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 450 மீட்டர். பெரும்பகுதியில் ஓரத்தடுப்பு கிடையாது. பயப்படும் ஒருவர் வளைவின் நடுவே பதறி ஓட்டுநரின் தோளைப் பிடித்தால் அது எல்லோருக்குமே ஆபத்து. பொட்டாஷ் சாலையின் தார்ப்பகுதி மட்டுமே அவர்களுக்கு ஒரு நல்ல நாளைத் தரும்: ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துப் பாறை, அதில் பூர்வகுடி மக்கள் கொத்திவைத்த உருவங்கள், டைனோசர் காலடித் தடங்கள். உங்கள் மகன் வளைவுப் பாதையை வேறொரு நாள் தனியே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பரந்து கிடக்கும் வெறும் மணல்தானே, பாதையை விட்டுச் சிறிது ஒதுங்கி ஓட்டினால் என்ன கெட்டுவிடும்? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: அது வெறும் மணல் அன்று. சற்றுக் குனிந்து பார்த்தால் கருமையாக, சிறுசிறு கோபுரங்கள்போல மேடுபள்ளமாக ஒரு மேலோடு தெரியும். நீலப்பச்சைப் பாசி, பாசிக்காளான், மாஸ் என்னும் சிறு பசுந்தாவரம் ஆகியவை இழையிழையாக மண்துகள்களைப் பின்னிக் கட்டிய உயிருள்ள தோல் அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைப்பதும், மழைநீரைத் தேக்குவதும், செடிகளுக்கு நைட்ரஜன் ஊட்டுவதும் அதன் வேலை. ஒரு காலடி பட்டாலே நொறுங்கும். முழுதாகத் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். யுரேனியம் தேடியவர்களின் சக்கரத் தடங்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் சில இடங்களில் தெரிகின்றன. எதிர்வண்டிக்கு ஒதுங்குவதானாலும் பாறைமேலோ, ஏற்கெனவே வண்டிகள் நின்று தேய்ந்த இடத்திலோதான் ஒதுங்க வேண்டும்.

கேள்வி: ஆகஸ்டில்தான் எங்களுக்கு விடுமுறை. வெயிலைத் தாங்கிக்கொள்வோம். மழை வராத பாலைவனத்தில் வெள்ள எச்சரிக்கை எதற்கு? (வாசகி, சியாட்டில்)

பதில்: வெயிலைத் தாங்குவதே எளிதன்று, 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு, வழியில் ஒரு சொட்டும் கிடைக்காது. ஆனால் ஆகஸ்டில் நான் அதிகம் அஞ்சுவது வெயிலை அல்ல.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வட்டாரத்துக்குப் பருவமழைக் காலம். பிற்பகலில் இடிமேகம் திரண்டு ஓரிடத்தில் மட்டும் கொட்டித் தீர்க்கும். வெறும் பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாது; விழுந்தது முழுவதும் பள்ளம் பார்த்து ஓடி, ஓடைகளில் சேர்ந்து, குறுகிய மலையிடுக்குக்குள் நுழையும்போது சேறும் மரமும் பாறையும் கலந்த சுவராக வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்து மாநிலமான அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்குமேல் அல்ல. மேல்புறத்தில் பல மைல் தொலைவில். கேனியன்லேண்ட்ஸிலேயே 2010 ஆகஸ்டில் ஒரு திடீர் வெள்ளம், ஒயிட் ரிம்முக்கு மேற்கிலிருந்து இறங்கும் மினரல் பாட்டம் வளைவுகளை அரித்துக்கொண்டு போனது. சீரமைத்துத் திறக்க அடுத்த ஆண்டு ஆயிற்று.

எனவே உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமல்ல, ஓடையின் மேல்திசை வானத்தையும் பாருங்கள். வறண்ட ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்தி உண்ணவோ உறங்கவோ வேண்டாம். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், தொலைவில் உறுமல் கேட்டாலும் வண்டியைப் பற்றி யோசிக்காமல் மேட்டில் ஏறுங்கள். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தால் சிறிய கார்களையும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளையும் இழுத்துச் செல்லும். அந்த வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால் காத்திருப்பதில் நட்டமில்லை. வடிந்த பிறகும் உடனே கிளம்பிவிட முடியாது. ஷேஃபர் பாதை கடந்து செல்லும் சின்லி என்னும் பாறையடுக்கில், நீர் பட்டால் உப்பி வழுக்கும் களிமண் இருக்கிறது. அது நனைந்தால் நான்கு சக்கர இழுவையும் பயன்படாது, காயும்வரை நின்றே ஆக வேண்டும். ஆகஸ்டை விட்டால் வேறு வழியில்லை என்றால், விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் தார்ச்சாலையை அடையும்படி திட்டமிடுங்கள். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை என்று விடுமுறையை மாற்ற முடிந்தால் இந்தப் பதிலே உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: கைப்பேசி எடுக்காத இடத்தில் வண்டி மணலில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? (வாசகர், ஆஸ்டின்)

பதில்: முதலில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் வெறுமனே சுழல்வது கிணறு தோண்டுவதற்குச் சமம். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையால் அள்ளுங்கள், டயரில் இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறையுங்கள், வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுங்கள். பாதி நேரம் இதுவே போதும். சக்கரத்தடியில் செருகும் பிடிபலகைகள் இரண்டு இருந்தால் மீதி நேரத்துக்கும் போதும்.

இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்: டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொண்டியில் கயிற்றைக் கோக்கக் கூடாது. அது சீராக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது, வெட்டி இழுக்கும் அதிர்ச்சிக்காக அல்ல. அது முறிந்தால் நீண்டு முறுக்கேறிய கயிறு அந்த இரும்பு உருண்டையைப் பீரங்கிக் குண்டுபோல் எறியும். கண்ணாடியைத் துளைத்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைத்த மீட்புக் கொக்கி இரு வண்டியிலும் இருந்தால் மட்டும் இழுக்கட்டும். மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

வண்டி எப்படியும் வராது என்றால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். 1996 ஜூலையில் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், பெரியவர் இருவரும் குழந்தைகள் இருவருமான ஒரு ஜெர்மானியக் குடும்பம் வாடகை மினிவேனில் ஆன்வில் கேனியன் என்னும் கரடுமுரடான பள்ளத்தாக்கில் இறங்கியது. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத அந்த வண்டி, டயர்கள் காற்றிழந்த நிலையில், அக்டோபரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் வந்தவர்கள் நடந்து போயிருந்தார்கள். பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தது 2009-இல், பல மைல் தள்ளி. மேலிருந்து தேடுவோருக்கு நடந்து செல்லும் மனிதர் தெரிவதில்லை. வண்டி தெரியும், அதன் நிழலும் உங்களுக்கு உதவும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி ஆகியும் தகவல் இல்லையென்றால் பூங்காக் காவலருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை மோவாபில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்; கிடைத்தால், கிளம்புவதற்கு முன் ஊரிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.